நாள் குறிப்பது யார்?



கார்த்திகை தீபத் திருவிழாவில் தேரோட்டத்தன்று திருவண்ணாமலை மாட வீதியில் ஓரமாக நின்று பார்த்திருக்கிறீர்களா? கரும்புத் தொட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். நீளமான கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் புடவையை ஏணையாகத் தொங்கவிட்டு, அதற்குள் குழந்தையைக் கிடத்தியிருப்பார்கள். முன்பக்கம் ஒருவர் தோள் கொடுப்பார், பின்பக்கம் ஒருவர். மேளத்தையும் கூட்டத்தையும் சட்டை செய்யாமல் குழந்தை உள்ளே தூங்கும். பிள்ளை வரம் வேண்டிக்கொண்டவர்கள் பிறந்ததும் செலுத்தும் நேர்த்திக்கடன் இது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. மாசி மாதத்தில் அந்த ராஜாவுக்குச் சாமியே திதி கொடுக்கிறார். பிள்ளைப்பேறு பற்றிப் பேச இந்த ஊருக்கு எந்தக் கூச்சமும் இருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு பகுதியை மட்டும் பேசாமல் தாண்டிவிடுகிறோம். வளைகாப்புக்கு மண்டபம் பிடிக்கிறோம், கலந்த சாதம் கட்டுகிறோம், போட்டோகிராபரை அமர்த்துகிறோம். பிறகு நேராகத் தொட்டிலுக்குப் போய்விடுகிறோம். நடுவில் இருக்கிற கடைசி நாலைந்து வாரங்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று, சுமக்கிற பெண்ணுக்கு யாரும் சொல்வதில்லை. "எல்லாரும் பெத்தவங்கதான், பொறுத்துக்கோ" என்பதோடு சரி.

போன மாதம் செங்கம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். முப்பத்தெட்டாவது வாரம். தலை திரும்பிவிட்டது, தண்ணீர் சரியாக இருக்கிறது, பி.பி. இல்லை, சர்க்கரை இல்லை, காத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டார் ஜோசியரிடம் போய் நல்ல நட்சத்திரம் பார்த்து நாளும் மணியும் குறித்து வாங்கி வந்துவிட்டார்கள். அன்றைக்கே சிசேரியன் செய்துவிடலாம் என்கிறார்கள். கடிதத்தின் கடைசி வரியில் அந்த அம்மா கேட்டிருந்த கேள்விதான் இந்த இதழையே திசை திருப்பியது: "பிள்ளை வளர்ந்தாச்சு, தலையும் திரும்பியாச்சு. இன்னும் என்னதான் பாக்கி?"

பாக்கி நிறைய இருக்கிறது, அம்மா.

முதலில் கருப்பை வாய். ஒன்பது மாதமும் அதன் வேலை மூடியிருப்பது. ஏறக்குறைய மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம், இறுகிய கொலாஜன் நார்கள், நடுவில் அடைப்பானாகக் கெட்டியான சளி. இரண்டரை, மூன்று கிலோ பிள்ளையும் பனிக்குட நீரும் மேலே இருந்து அழுத்தினாலும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும். கடைசி வாரங்களில் இதே வாய் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. கொலாஜன் நார்களின் கட்டுகள் தளர்கின்றன, இடையில் நீர் சேர்கிறது, புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு அதை மேலும் இளக வைக்கிறது. உள்பரிசோதனை செய்யும் நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் சொல்லித்தரும் அடையாளம் ஒன்று உண்டு. பழுக்காத கருப்பை வாய் விரல் நுனிக்கு மூக்கின் நுனி மாதிரி விறைப்பாக இருக்கும். பழுத்தது உதடு மாதிரி இருக்கும். மூக்கு உதடாக மாறச் சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று வாரம். இது நடக்கும்போது அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக வலி ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் எட்வர்ட் பிஷப் 1964-ல் இதற்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு இளகியிருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, பிள்ளையின் தலை எவ்வளவு கீழே வந்திருக்கிறது என்று ஐந்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். மதிப்பெண் குறைவாக இருக்கும்போது மருந்து கொடுத்து வலியை வரவழைத்தால், பல மணி நேரம் வலித்தும் வாய் திறக்காமல் போகலாம். "ரெண்டு நாள் வலி ஊசி போட்டும் திறக்கலை, கடைசியில ஆபரேஷன்தான்" என்று தெருவில் கேட்கிற கதைகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். அந்தப் பெண்ணின் உடம்பில் குறை இருக்க வேண்டியதில்லை. உடம்பு இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கருப்பை. கர்ப்பத்துக்கு முன் அறுபது, எழுபது கிராம் எடை. பிரசவ நேரத்தில் ஒரு கிலோவைத் தாண்டியிருக்கும். இத்தனை பெரிய தசையை ஒன்பது மாதம் அடக்கி வைத்திருப்பது புரோஜெஸ்டிரான். கடைசி வாரங்களில் அதன் பிடி தளர்ந்து, ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. அதுவரை தனித்தனியே துடித்துக்கொண்டிருந்த தசைச் செல்களுக்கு நடுவே இணைப்புகள் முளைக்கின்றன. ஒரு மூலையில் கிளம்பும் சுருக்கம் கருப்பை முழுக்கப் பரவ இந்த இணைப்புகள் வேண்டும். கூடவே, ஆக்ஸிடாசினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் கருப்பையின் தசையில் பல மடங்கு பெருகுகின்றன. ஹென்றி டேல் 1906-ல் இந்தச் சுரப்பின் வேலையைக் கண்டார். வின்சென்ட் டு விக்னோ 1953-ல் அதை ஆய்வகத்தில் செய்து காட்டி, இரண்டு வருடம் கழித்து நோபல் பரிசு வாங்கினார். அந்த மருந்துதான் இன்று எல்லாப் பிரசவ அறைகளிலும் 'வலி ஊசி' என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் வாங்கிக்கொள்ள ஏற்பிகள் போதாவிட்டால் அதே மருந்து அதே அளவில் அதே வேலையைச் செய்யாது.

சரி, இந்த ஏற்பாட்டையெல்லாம் தொடங்கி வைப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதை எனக்கு மிகவும் பிடித்தது. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்து டாக்டர் கிரஹாம் லிக்கின்ஸ் 1960-களில் செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்தார். தாயிடம் தேடுவதற்குப் பதில் வயிற்றிலிருக்கும் குட்டியிடம் தேடினார். குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியைச் செயலிழக்கச் செய்தால் ஆடு நாள் கடந்தும் ஈனவில்லை. குட்டிக்குக் கார்ட்டிசால் கொடுத்தால் நாளுக்கு முன்பே ஈன்றது. ஆட்டைப் பொறுத்தவரை நாள் குறிப்பது குட்டி! அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூச்சுவிட முடியாமல் செத்திருக்க வேண்டிய குறைமாதக் குட்டி ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பிரசவத்தைத் தொடங்கி வைத்த அதே சுரப்பு, நுரையீரலையும் முதிர வைத்திருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் தாய்மார்களிடம் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். குறைமாதத்தில் வலி வந்தால் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்க்குப் போடுகிறார்களே, பிள்ளையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி, அது அந்த ஆட்டுக்குட்டி கொடுத்த வரம்.

மனிதர்களிடம் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு சுரப்பு மாதாமாதம் ஏறிக்கொண்டே வருகிறது, அது ஏறும் வேகத்துக்கும் பிரசவ நாளுக்கும் தொடர்பு உண்டு என்று 1995-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிள்ளையின் நுரையீரலிலிருந்தும் சமிக்ஞை போகலாம் என்பதற்குத் தடயங்கள் உண்டு. தாயும் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் கலந்து பேசி நாள் குறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் சீட்டில் எழுதித்தரும் தேதி வெறும் உத்தேசம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டி வருவது அது. சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நான்கோ ஐந்தோதான்.

ஜோசியர் குறித்த மணிக்கு வருகிறேன். 37, 38, 39 எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. அமெரிக்காவில் 19 மருத்துவமனைகளில், முன்பே சிசேரியன் ஆன தாய்மார்களுக்கு வலி வருமுன் நாள் வைத்துச் செய்த மறு சிசேரியன்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். மூச்சுத்திணறல், கிருமித்தொற்று, தீவிர சிகிச்சை என ஏதாவது ஒரு சிக்கலுக்கு ஆளான குழந்தைகள் 37-வது வாரத்தில் 15.3 சதவீதம், 38-ல் 11 சதவீதம், 39-ல் 8 சதவீதம். இரண்டே வாரத்தில் பாதியாகிறது. வலி வரும்போது பிள்ளையின் உடம்பிலும் அட்ரினலின் பொங்கும்; நுரையீரலில் இருக்கும் நீர் வற்றத் தொடங்கும்; வெளியே வந்ததும் மூச்சுக்கு இடம் தயாராக இருக்கும். நட்சத்திரம் பார்த்து எடுத்த பிள்ளைக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை.

ஜோசியத்தில் நம்பிக்கை உள்ளவர்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நேரத்தை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, அதே நேரத்தை வைத்துப் பிள்ளையின் தலையெழுத்தைக் கேட்பது எந்தச் சாஸ்திரம்?

சிசேரியனை நான் பழிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நஞ்சு கீழே இறங்கியிருந்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால், நாடித்துடிப்பு தளர்ந்தால் அந்தக் கத்திதான் இரண்டு உயிரைக் காக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஓர் இளம் தாய் இறந்துபோனதை நாம் மறக்கக்கூடாது. 'இயற்கை' என்ற பெயரில் ஆஸ்பத்திரியையே ஒதுக்குகிறவர்களுக்கு இந்தப் பத்திரிகையில் இடமில்லை. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுவதற்குமான சராசரி 21.5. காரணங்கள் பல: முதல் பிரசவம் சிசேரியன் ஆகியிருப்பது, சர்க்கரை, வயது, வழக்கு பயம், இரவில் ஆள் பற்றாக்குறை, வலிக்குப் பயந்து பெண்ணே கேட்பது, பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பது. இவற்றில் பஞ்சாங்கம் ஒன்றை மட்டுமாவது நாம் நினைத்தால் இன்றே நீக்கிவிடலாம்.

பஞ்சாங்கம் என்றதும் பௌர்ணமி நினைவுக்கு வருகிறது. "இந்தப் பௌர்ணமிக்குள்ள வலி வந்துடும் பாரு" என்று சொல்லாத பாட்டி இந்த ஊரில் இல்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 62 நிலாச் சுற்றுகளில் நடந்த ஐந்து லட்சத்து அறுபத்து நாலாயிரம் பிரசவங்களை எடுத்துப் பார்த்து 2005-ல் எழுதினார்கள். பௌர்ணமிக்கும் மற்ற நாட்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. நிலாவால் வலி வராது. ஆனால் நிலாவால் ரோடு அடைபடும்! பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையிலும் ஊருக்குள் வரும் சாலைகளிலும் வண்டி நகராது என்பதை உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டார் பௌர்ணமியைக் கவனிக்க வேண்டிய காரணம் இது ஒன்றுதான்.

கிரிவலம் போகலாமா என்றும் கேட்கிறார்கள். நடப்பது நல்லது. தினமும் காலையில் அரை மணி நடக்கிற பெண்ணுக்கு உடம்பு இலகுவாக இருக்கும். பதினான்கு கிலோமீட்டரை, வெறுங்காலோடு, லட்சக்கணக்கானவர்கள் நெரிக்கும் இரவில், ஒன்பதாம் மாதத்தில் நடப்பது வேறு விஷயம். அண்ணாமலையார் அடுத்த வருடமும் அங்கேயேதான் இருப்பார்.

உடம்பு தயாராவதை வெளியே காட்டும் அறிகுறிகளுக்கு வருவோம். இதில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நல்ல தேர்ச்சி உண்டு. முதலில் வயிறு இறங்கும். தலைப்பிரசவத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே இறங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் வலி தொடங்கிய பிறகுகூட இறங்கலாம். பிள்ளையின் தலை இடுப்பெலும்புக்குள் வந்து உட்காருவதால் மூச்சு இலேசாகும், நெஞ்செரிச்சல் குறையும், அதற்குப் பதிலாக அரை மணிக்கு ஒருமுறை பாத்ரூம் போக வேண்டியிருக்கும். நடை அகலும். இடுப்பு மூட்டுகளின் இணைப்புகள் தளர்ந்து இடம் கொடுப்பதால் சிலருக்குத் தொடை இடுக்கில் சுளீர் என்று வலிக்கும். மார்பில் சீம்பால் சில மாதங்களாகவே தயாராக இருக்கும். சிலருக்குக் கசியவும் செய்யும்.

பிறகு சூட்டு வலி. வயிறு கல் மாதிரி இறுகும், விடும். 1872-ல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் இதை விவரித்து எழுதியதால் உலகம் முழுக்க அவர் பெயரில் வழங்குகிறது. நம் பாட்டிகள் அதற்கு முன்பே இதற்குச் சோதனையும் வைத்திருந்தார்கள். சீரகத்தை வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, இளஞ்சூட்டில் ஒரு டம்ளர் குடிக்கக் கொடுத்து, "கொஞ்சம் படு" என்பார்கள். அரை மணியில் அடங்கினால் சூட்டு வலி. அடங்காமல் ஏறினால் நிஜ வலி, பையைத் தூக்கு. இது அர்த்தமுள்ள சோதனை. உடம்பில் நீர் குறைந்தால் கருப்பை வீணாகச் சுருங்கும். தண்ணீரும் ஓய்வும் கிடைத்தால் பொய் வலி அடங்கும். நிஜ வலியை எந்தச் சீரகத்தாலும் அடக்க முடியாது. அது முதுகின் அடியில் தொடங்கி முன்னால் சுற்றி வரும். இடைவெளி குறைந்துகொண்டே வரும், நேரம் கூடிக்கொண்டே போகும், நடந்தாலும் படுத்தாலும் விடாது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிற தலைப்பிரசவக்காரி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம்போல் நிற்கிற வலி ஒரு மணி நேரமாக வருகிறது என்றால் கிளம்பிவிடலாம். இரண்டாவது பிரசவம் என்றால் அவ்வளவு நேரம் வேண்டாம்.

சீரகத் தண்ணீருக்குச் சரி என்கிற நான், விளக்கெண்ணெய்க்கு வேண்டாம் என்கிறேன். "ஒரு கரண்டி குடிச்சா உடனே வலி வந்துடும்" என்று கொடுப்பது இன்னும் நடக்கிறது. வலி வருகிறதோ இல்லையோ, வயிற்றுப்போக்கு வரும். நிறைமாதத்தில் உடம்பிலுள்ள நீர் போய் அந்தப் பெண் சுருண்டுவிடுவாள்.

இன்னொரு நம்பிக்கை இதைவிட ஆபத்தானது: பிரசவம் நெருங்கினால் பிள்ளையின் துடிப்பு தானாகக் குறைந்துவிடும் என்பது. குறையக்கூடாது. இடம் குறைவதால் புரளும் விதம் மாறலாம், ஆனால் அசைவு கடைசிவரை இருக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் நாளை செக்கப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காமல் அந்த மணிக்கே போங்கள். பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாகவோ நாற்றத்தோடோ போனால், உதிரம் கொட்டினால், தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் வீங்கினால், காய்ச்சல் அடித்தால், 37 வாரம் முடியாமல் வலி வந்தால் அப்போதும் அப்படியே. கொஞ்சம் சளியோடு இழை இழையாக ரத்தம் கலந்து பட்டால் பயப்பட வேண்டாம். கருப்பை வாயை அடைத்திருந்த அந்தச் சளி விலகியிருக்கிறது. வலி அன்றைக்கே வரலாம், சில நாள் கழித்தும் வரலாம்.

உடம்பின் தயாரிப்புகளில் என்னை மிகவும் வியக்க வைப்பது, ரத்தம் போகப்போகிறது என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு நாற்பது, ஐம்பது சதவீதம் கூடுகிறது. உறைய வைக்கும் பொருட்களும் கூடுகின்றன. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 600, 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. நஞ்சு பிரிந்ததும் அத்தனை குழாய்களும் திறந்து கிடக்கும். அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தசைநார்கள் அந்த நிமிடத்தில் இறுகி ஒவ்வொரு குழாயையும் முறுக்கிக் கட்டிவிடுகின்றன. பிறந்த பிள்ளையை உடனே மார்பில் போட்டால் ஆக்ஸிடாசின் சுரந்து இந்த இறுக்கம் கூடும். இத்தனை ஏற்பாடும் ரத்தசோகை உள்ள உடம்பில் பாதிதான் உதவும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே தேசிய ஆய்வு சொல்கிறது. கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுக் குங்குமப்பூவுக்குக் கடை கடையாக அலைகிற வீடுகளை என்ன சொல்வது?

கடைசியாக ஒன்று, மற்றதையெல்லாம்விட முக்கியமானது: பயம். ஆக்ஸிடாசின் அமைதியில் சுரக்கிறது. பயந்தால் அட்ரினலின் ஏறும், வலி தடுமாறும், வாய் திறப்பது தாமதமாகும். முன்பின் தெரியாத அறை, கண் கூசும் வெளிச்சம், "கத்தாதே" என்ற அதட்டல், கூட யாரும் இல்லை என்றால் எந்த உடம்பு இளகும்? வலியில் துடிக்கிறவளைப் பார்த்து என்னென்ன பேசுகிறார்கள் என்பது பிள்ளை பெற்ற பல பெண்களுக்குத் தெரியும். அச்சில் போட முடியாது.

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். செட்டிப்பெண் ரத்தினாவதிக்கு வலி எடுத்துவிட்டது. அம்மா காவிரிக்கு அக்கரையில், வெள்ளத்தால் வர முடியவில்லை. சிவன் அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார். மாத்ருபூதேஸ்வரர் என்ற அதே பெயரில்தான் நம் ஊர் ரமணாசிரமத்தில், ரமணரின் தாயார், 1922-ல் மறைந்த அழகம்மாளின் சமாதியின் மேல் சந்நிதி இருக்கிறது. வலியில் இருக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் அம்மா இருக்க வேண்டும் என்பதைச் சாமியே ஒப்புக்கொண்ட தேசம் இது. ஆனால் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அம்மாவை வராந்தாவோடு நிறுத்திவிடுகிறார்கள்.

17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, அவற்றில் பங்குபெற்ற பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் அனுபவத்தை, 2017-ல் சேர்த்துப் பார்த்தார்கள். பிரசவம் முடியும்வரை கூடவே ஆள் இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் குறைந்தது. மருந்து இல்லை, மெஷின் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். மத்திய அரசு 2016-லேயே அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையை அனுமதித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டியில் அதை வலியுறுத்தியது. கருப்பை வாய் ஒரு மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு பெண்ணையும் அளக்கக்கூடாது என்றும், வேகம் பிடிக்கும் கட்டம் ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. மூன்று சென்டிமீட்டரிலேயே "இன்னும் ஆகலையே" என்று பதறும் வீட்டார் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இந்தக் கணக்கெல்லாம் மாறிப்போகிற இடம் ஒன்று உண்டு. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் சிலவற்றிலிருந்து நிறைமாதப் பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்து ரோட்டைப் பிடிக்க வேண்டியிருந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அங்கே ஐந்து நிமிட இடைவெளிக்குக் காத்திருந்தால் வழியிலேயே பிள்ளை பிறந்துவிடும். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகளை ஏற்படுத்தியது தமிழகம் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. தேதிக்குச் சில நாள் முன்பே வந்து தங்கி, வலி தானாக வரும்வரை ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்கலாம். காத்திருப்பதையும் கைக்கெட்டும் உதவியையும் ஒன்றாகச் சேர்த்த ஏற்பாடு இது. சமவெளியில் இருக்கிற நமக்கும் வேண்டியது இந்த மனநிலைதான்.

செங்கத்து அம்மாவுக்கு என் பதில்: உங்கள் டாக்டர் காத்திருக்கலாம் என்றால் காத்திருங்கள். 41 வாரம் ஆகியும் வலி வராவிட்டால் வரவழைக்கும் பேச்சை அவரே எடுப்பார். அப்போது தயங்க வேண்டாம். சம்பந்தி வீட்டாரிடம் சண்டை போடாமல், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் வைப்பதற்கும் தொட்டில் போடுவதற்கும் அவர்கள் எத்தனை நல்ல நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

தீபத்தை ஒட்டிப் பிரசவத் தேதி இருக்கும் பெண்கள், முக்கியமாகக் கிரிவலப் பாதைக்கு உள்பக்கம் குடியிருப்பவர்கள், திருவிழாவுக்கு முன்பே டாக்டரிடம் பேசி எங்கே தங்குவது, எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்துவிடுங்கள். தாய் சேய் நல அட்டை, பிக்மி (கர்ப்பப் பதிவு) எண், ஸ்கேன் சீட்டுகள், ஆதார், இரண்டு பழைய பருத்திப் புடவை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ரத்தம் கொடுக்கக்கூடிய உறவினர் இருவரின் போன் நம்பரை எழுதி அதே பையில் போடுங்கள். அவசரம் என்றால் 108. கூடவே ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், அரசு ஆனாலும் தனியார் ஆனாலும், பிரசவ அறைக்குள் துணைக்கு ஆள் விடுகிறார்களா, விட்டால் யாரை, எத்தனை நேரம் என்று எங்களுக்கு எழுதுங்கள். ஆஸ்பத்திரி பெயரைப் போடாமல், ஊர்வாரியாகத் தொகுத்து மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பவிருக்கிறோம். கடிதங்கள் இந்த மாதக் கடைசிக்குள் வந்துசேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்